தீயில் இறங்காத நந்தன்

திருவாரூர்க்காரர்களிடம் சங்கீதத்தைப் பற்றிப் பேச்செடுக்கும் வெளியூர் அன்பர்களுக்கு நமது அனுதாபங்கள். சியாமா சாஸ்திரிகள் 1762-இல், தியாகராஜர் 1767-இல், முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1775-இல் என்று மும்மூர்த்திகளும் இந்த ஊரில் அவதரித்த கணக்கை ஒப்பித்து முடிக்கும் வரையில் அவர்களை விடமாட்டோம். கேட்பவர் ரயிலைத் தவறவிட்டால் அது அவர் தலைவிதி.

ஆனால் நேயர்களிடம் ஒளிக்காமல் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். மும்மூர்த்திகளுக்கும் தூரத்திலிருந்தே ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு, நமது உள்ளத்தை நாம் பறிகொடுத்தது வேறொருவரிடம். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார்தான் அவர். அவருடைய நந்தனார் சரித்திரத்தை யார், எங்கே, எந்த ரூபத்தில் நடத்தினாலும் அங்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவது நமது வழக்கம்.

இந்தப் பித்து நமக்குப் பிதுரார்ஜிதம். நிலபுலம் இல்லாத குடும்பத்தில் வேறு என்ன ஆஸ்தி இருக்கும்? நமது தாத்தா கதாகாலட்சேபக் கட்சி. 1935-இல் டாக்கி வந்தபோது கே. பி. சுந்தராம்பாளுக்காக மட்டும் தம் கட்சியைச் சற்றுத் தளர்த்திக்கொண்டவர். அப்பா 1942-ஆம் வருஷத்து ஜெமினி படக் கட்சி. தண்டபாணி தேசிகரைத் தவிர வேறொரு நந்தனார் அவருக்குக் கிடையாது. சித்தப்பாவோ என். எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' கட்சி. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் மூவரும் கூடினால், பாட்டி உள்ளேயிருந்து விளக்கை அணைக்கும் வரையில் வழக்கு நடக்கும். நாம் மூன்று கட்சியிலும் சேர்ந்து மூவரிடமும் வசவு வாங்கினோம்.

இத்தனை வருஷம் கேட்டும் பார்த்தும் நாம் கண்டுபிடித்த உரைகல் ஒன்று உண்டு. நந்தனாராக வருபவர் எவ்வளவு உருக்கமாகப் பாடுகிறார் என்று பார்ப்பது பாதிப் பரீட்சைதான். பாக்கிப் பாதிக்கு இரண்டு கட்டங்களைக் கவனிக்க வேண்டும். பண்ணைக்கு உடையவரான வேதியர் தம் ஆளாகிய நந்தனின் காலில் விழும் கட்டம் ஒன்று. சிதம்பரத்தில் நந்தன் தீயில் இறங்கும் கட்டம் மற்றொன்று. இந்த இரண்டு கட்டங்களையும் ஒருவர் எப்படிக் கடந்து போகிறார் என்று பார்த்தால், அவரையும் அவருடைய காலத்தையும் தெரிந்துகொள்ளலாம். சென்ற மாசி மாதம் இவ்விரண்டும் நமது தலையிலேயே வந்து விழும் வரையில், இது நமக்கு ஒரு ரஸிகரின் பொழுதுபோக்காகவே இருந்து வந்தது.

வேதியர் எங்கிருந்து வந்தார்?

நந்தனாரின் புகழ் முதலில் பாட்டில் ஏறியதும் நமது ஊரில்தான். (இதோ, மறுபடியும் ஆரம்பித்துவிட்டோம்!) திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் கூடியிருந்த அடியார்களைக் கண்டு சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய திருத்தொண்டத் தொகையில் 'திருநாளைப்போவார்' என்ற பெயர் மட்டும் வருகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அந்தப் பெயரை 37 பாடல்களில் ஒரு வரலாறாக விரித்தார். அவர் காட்டும் நந்தனார் ஆதனூர்ச் சேரியில் பிறந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தவர். திருப்புன்கூரில் அவர் வெளியே நின்று தரிசிப்பதற்காக நந்தி விலகிற்று. தில்லையிலோ, தீயில் மூழ்கி வரும்படி கனவில் கட்டளை பிறந்தது. தீயில் புகுந்தவர் பூணூல் அணிந்த முனிவராக வெளிப்பட்டுச் சந்நிதியில் மறைந்தார். இந்த 37 பாடல்களையும் விளக்கு வைத்துத் தேடினாலும் வேதியர் அகப்படமாட்டார். அவரைக் கொண்டு வந்து சேர்த்தவர், 19-ஆம் நூற்றாண்டில், கோபாலகிருஷ்ண பாரதியார்.

பாரதியார் நந்தனைப் பண்ணையாளாக ஆக்கினார். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான் நந்தன். நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி என்பது 20 மா. அதாவது ஏறக்குறைய 6⅔ ஏக்கர். திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சொல்வார்கள். நமது பெரிய கோயிலைப் போல் எட்டுக் கோயில் கொள்ளும் நிலத்தை ஒற்றை ஆள் பயிரிட்டு முடிக்க வேண்டும் என்றால், 'போகாதே' என்பதற்கு அது மரியாதையான பெயர் என்று நேயர்கள் அறிவார்கள். இறைவன் அருளால் ஒரே இரவில் பயிர் விளைந்து நிற்கிறது. அதைக் கண்ட வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதற்குச் சிறப்புப் பாயிரம் கொடுக்கத் தயங்கினார். பெரிய புராணத்தில் இல்லாத கதையைப் புகுத்தலாமா என்பதும், இலக்கணப் பிழைகள் இருக்கின்றனவே என்பதும் அவருடைய ஆட்சேபம். பாரதியார் பல முறை நடந்தார். கடைசியில் அவர் பாடக் கேட்டு மனமுருகிப் பிள்ளையவர்கள் பாயிரம் தந்தார் என்று உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். காரைக்காலிலிருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் உதவியால் நூல் அச்சேறியது.

பிள்ளையவர்களுடைய ஆட்சேபத்துக்குப் புலமை காரணம். ஆனால் பாரதியார் வயல் வரப்பில் நடந்து பழகிய மனிதர். நந்தனைத் தடுத்து நிறுத்தியது கோயில் வாசல் மட்டும்தானா, அதற்கு முன்பே பண்ணை வாசல் இல்லையா என்று அவர் கேட்டார். தஞ்சை ஜில்லாவில் இந்தக் கேள்விக்கு வெகு காலம் உயிர் இருந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும் வரையில், ஆளை வைத்துக்கொள்வதும் விரட்டுவதும் மிராசுதாரின் இஷ்டமாகவே இருந்தது.

ஓர் உடம்பில் இரண்டு பேர்

தாத்தாவின் கட்சியை முதலில் விசாரிப்போம். நந்தனார் சரித்திரம் கதாகாலட்சேபத்துக்கென்றே பிறந்தது. கீர்த்தனம், விருத்தம், கண்ணி, நொண்டிச் சிந்து என்று விதவிதமாக அதில் பாரதியார் அமைத்து வைத்திருக்கிறார். தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் இதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கீர்த்தி பெற்றார். அவருக்குப் பின் வந்த பாகவதர்கள் சிலரைத் தாத்தா கேட்டிருக்கிறார். பாகவதர் முதுகைச் சற்று வளைத்துக் கையைக் கட்டினால் நந்தன். நிமிர்ந்து அங்கவஸ்திரத்தை உதறினால் வேதியர். கையிலே சிப்ளாக்கட்டை, பின்னாலே ஜால்ராவும் பின்பாட்டும். வேறு திரையும் வேண்டாம், வேஷமும் வேண்டாம்.

நமக்கு வெகு நாள் கழித்துத்தான் ஒரு விஷயம் புலப்பட்டது. காலட்சேபத்தில் வேதியரும் நந்தனும் ஒரே ஆள். ஆகவே, வேதியர் காலில் விழும்போது அங்கே ஒருவரும் ஒருவர் காலிலும் விழுவதில்லை! பாகவதர் குரலைத் தழைத்துக் கை கூப்புகிறார், சபையோர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், காரியம் முடிந்தது. தீயும் அப்படியே. பாகவதர் மங்களம் பாடுவார், கற்பூரம் ஏற்றுவார்கள், எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார்கள். சங்கடமான இரண்டு கட்டங்களும் சங்கடமின்றி நடந்தேறிவிடும். காலட்சேபத்தின் பெருமை அது. அதன் தந்திரமும் அதுவேதான்.

இரண்டு டாக்கிகள்

டாக்கியில் இந்தத் தந்திரம் பலிக்காது. வேதியருக்கு ஓர் ஆளும் நந்தனுக்கு ஓர் ஆளும் வேண்டும்.

1933-இல் எஸ். ஜி. கிட்டப்பா காலமான பிறகு, எந்த ஆண்மகனுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று கே. பி. சுந்தராம்பாள் விரதம் பூண்டிருந்தார். அசன்தாஸ் என்ற படமுதலாளி விடவில்லை. ஜோடியே இல்லாத வேஷமாக நந்தனார் வேஷத்தைக் கொடுத்து, லட்ச ரூபாய் சம்பளமும் பேசினார். அந்நாளில் லட்ச ரூபாய் என்ற சொல்லே பலருக்கு மூச்சை அடைத்தது. 1935-இல் 'பக்த நந்தனார்' வெளிவந்தது. வேதியர் வேறு யாருமல்ல, மகாராஜபுரம் விசுவநாதய்யர்! படத்தைக் 'கல்கி' ஆனந்த விகடனில் கேலி செய்து தீர்த்தார். தாத்தாவின் தீர்ப்போ, 'கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டிய படம்' என்பது. ஆண்டையும் அடிமையும் எதிரெதிரே நிற்பதாக அவருக்கு ஒரு கணமும் தோன்றவில்லையாம். இரண்டு மகா வித்துவான்கள் கச்சேரி செய்வதாகத் தோன்றிற்றாம். இசை அத்தனை உயரத்தில் நின்றதால் கதை கீழேயே தங்கிவிட்டது போலும்.

1942-ஆம் வருஷத்து 'நந்தனார்' வேறு ரகம். எம். எம். தண்டபாணி தேசிகர் நமது பக்கத்துத் திருச்செங்காட்டங்குடிக்காரர். தேவாரம் பாடும் மரபில் வந்தவர். பிற்காலத்தில், நந்தன் நாளைப் போவேன் என்று ஏங்கிய அதே சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைப் பேராசிரியராக அமர்ந்தவர். வேதியராகச் செருகளத்தூர் சாமா நடித்தார். முருகதாசாவின் டைரக்ஷன், பாபநாசம் சிவன், கொத்தமங்கலம் சுப்பு ஆகியோரின் புதிய பாடல்களும் உண்டு. இந்தப் படத்தை இன்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். சாமாவின் வேதியர் கத்துவதில்லை. தாம் நியாயமாகவே பேசுகிறோம் என்று நம்பும் ஒரு மனிதரின் அமைதி அவர் முகத்தில் இருக்கிறது. அதனால்தான் அவர் விழும்போது நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. முதற் கட்டத்தில் இந்தப் படத்துக்கு நாம் முழு மார்க்குக் கொடுப்போம்.

இரண்டாவது கட்டத்துக்கு மார்க்குப் போட்டவர்கள் வேறு பேர்வழிகள். கோலார் தங்கவயலில் மண்ணுக்கடியில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் பலர் நந்தன் பிறந்த குலத்தவர்கள். படம் அங்கே போனபோது, நந்தன் தன்னைத் தூய்மை செய்துகொள்ளத் தீயில் இறங்குவதை அவர்கள் ஒப்பவில்லை. கிளர்ச்சி எழுந்தது. அங்கே அந்தக் காட்சியை நீக்கிவிட்டுப் படத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. எத்தனையோ வித்துவான்களும் விமரிசகர்களும் இந்தச் சரித்திரத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். 'அழுக்கு எங்கே இருந்தது, ஐயா?' என்று சுரங்கத் தொழிலாளர்கள் கேட்ட கேள்விக்கு அவர்களில் ஒருவரும் பதில் வைத்திருக்கவில்லை. படத்தை நூறு முறை பார்த்த அப்பாவுக்கு இந்தச் சங்கதி கடைசி வரையில் தெரியாது. தெரிந்திருந்தால் திண்ணையில் சித்தப்பாவின் கை ஓங்கியிருக்கும்.

ரயிலேறிய நந்தன்

சித்தப்பாவின் கட்சிக்கு வருவோம். என். எஸ். கிருஷ்ணன் காலட்சேபத்தின் உடுப்பையும் மெட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டு, நந்தனாரைக் 'கிந்தனார்' ஆக்கினார். கிந்தனுக்குச் சிதம்பரம் போகும் ஆசை இல்லை, படிக்கும் ஆசை. அவன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்துவிட்டு, ஊரே எழுந்து நிற்கும் அதிகாரியாகத் திரும்புகிறான். 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி'யில் இது இடம்பெற்றது. இதில் தீயே கிடையாது, ரயில் எஞ்சினில் எரியும் தீயைத் தவிர.

தாத்தா இதைப் பரிகாசம் என்றார். ஆனால் கலைவாணர் சிரித்துச் சொன்னதை அவருக்கும் முன்பே ஒருவர் சிரிக்காமல் செய்து காட்டியிருந்தார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்திலேயே நந்தனார் பெயரால் கல்விக் கழகம் தொடங்கி, சேரிக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஆசிரியத் தொழிலில் இருப்பதால் நமக்குப் பாரபட்சம் இருக்கலாம். ஆயினும் நந்தனார் சரித்திரத்தின் மிகச் சிறந்த அரங்கேற்றங்களில் அந்தப் பள்ளியையும் ஒன்றாகவே எண்ணுகிறோம்.

தேசத்தில் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாதய்யர் தலைமையில் ஹரிஜனங்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பிரவேசித்தார்கள். 1947-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. இனி நந்தன் கதை பழங்கதைதான் என்று பலரும் நினைத்தார்கள்.

அப்படி நினைத்தவர்களின் வாயை 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு அடைத்தது. திருவாரூருக்குக் கிழக்கே கீழ்வெண்மணியில், கூலி நெல் கூடக் கேட்டதனால் மூண்ட பகையில், ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் தீக்கிரையானார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பண்ணையும் கூலியும் தீயும் ஒன்றாகச் சேர்ந்த அந்த இரவுக்குப் பிறகு, தஞ்சை மண்ணில் நந்தன் கதையைப் பழைய மாதிரி பாட முடியாமற் போயிற்று. வெண்மணியை வைத்துக் 'குருதிப்புனல்' நாவலை எழுதிய இந்திரா பார்த்தசாரதி, 1970-களில் 'நந்தன் கதை' என்று ஒரு நாடகமும் எழுதினார். அதில் தீ தெய்வத்தின் கட்டளை அல்ல. மனிதர்கள் கூடிச் செய்யும் சூழ்ச்சி. அந்த நாடகம் பாரதியாரின் ரஸிகர்களுக்கு இனிக்காது. நமக்கும் முதலில் கசந்தது. ஆனால் வெண்மணி நினைவுச் சின்னத்தின் எதிரே நின்று பார்த்துவிட்டு வந்த பிறகு, அதைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

நமது பள்ளியின் நந்தனார்

இனி, சென்ற மாசி மாதத்துக்கு வருவோம்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு நந்தனார் நாடகம் போடுவதென்று நாமே வலிந்து ஏற்றுக்கொண்டோம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். காலனியிலிருந்து வருகிறவன், தகப்பனார் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். சாரீரம் என்றால் அப்படி ஒரு சாரீரம். பாரதியாரின் மாஞ்சி ராகக் கீர்த்தனத்தை, வாசலுக்கு வெளியே நின்று உள்ளே வர உத்தரவு கேட்கும் அந்தப் பாட்டை, நான்கே நாளில் பிடித்துக்கொண்டான். ஓவிய ஆசிரியர் சிவப்புக் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, அடியிலே மின்விசிறியை வைத்து ஒரு தீ செய்திருந்தார். தீ ஜோராக எரிந்தது.

ஒத்திகை மூன்றாம் நாள். பையன் நம்மிடம் வந்து நின்றான்.

"சார், பாட்டெல்லாம் பாடிடுறேன். நெருப்புல மட்டும் இறங்க மாட்டேன்."

"ஏண்டா? அது காகிதந்தானே?"

"அவரு ஒண்ணும் தப்புப் பண்ணலையே சார். அவரு ஏன் இறங்கணும்?"

நமக்குக் கோபம் வந்தது என்பதை மறைப்பானேன்? முப்பது வருஷத்து ரஸிகரிடம் பதினாலு வயதுப் பையன் பாடம் நடத்துகிறானே! சேக்கிழார் சொன்னது, பாரதியார் பாடியது என்று ஏதேதோ சொன்னோம். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். பிறகு நிமிர்ந்து, "சரி சார், ஆனா இறங்க மாட்டேன்" என்றான். அன்றிரவு கோலார் சங்கதி நினைவுக்கு வந்தது. தூக்கம் வரவில்லை.

மறுநாள் வேதியராக நடிக்க வேண்டிய பையனின் தகப்பனார் வந்தார். நல்ல மனிதர். வெகு மரியாதையாகப் பேசினார். "நாடகந்தான் சார், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா கால்ல விழுறதை ஊர்ல நாலு பேர் பாப்பாங்க. போட்டோ எடுப்பாங்க. இவனுக்கு வேற வேஷம் குடுத்துடுங்க" என்றார்.

நேயர்களே! எந்த இரண்டு கட்டங்களை உரைகல் என்று வைத்து ஊரார் நந்தனார்களுக்கெல்லாம் மார்க்குப் போட்டுவந்தோமோ, அதே இரண்டு கட்டங்களில் நமது நாடகம் மாட்டிக்கொண்டு நின்றது. இப்போது மார்க்கு வாங்க வேண்டியது நாம்!

யோசித்துப் பார்த்தோம். பெரிய புராணத்தில் இல்லாத வேதியரைக் கொண்டுவரப் பாரதியாருக்குத் துணிவு இருந்தது. புராணத்தைவிடத் தம் எதிரே இருந்த வயலை அவர் அதிகமாக நம்பினார். அவருடைய ரஸிகர் என்று சொல்லிக்கொண்டு, அவர் எழுதியதில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்று பிடிவாதம் செய்தால், நாம் பாரதியார் கட்சி அல்லோம். அவருக்குப் பாயிரம் மறுத்தவர்களின் கட்சி. ஆகவே, தீயை நீக்கினோம். வேதியர் வேஷத்தை நாமே கட்டிக்கொண்டோம்.

விழா இரவு கூட்டம் நிறைய. விளைந்து நிற்கும் நாற்பது வேலியைக் கண்டு நாம் மேடையில் அந்தப் பையனின் காலில் விழுந்தோம். நாற்பத்தாறு வயதில் மளமளவென்று விழுவது எளிதல்ல. முழங்கால் இன்னும் நினைவூட்டுகிறது. ஒத்திகையில் தள்ளி நின்ற பையன் அன்று பதறிப் பின்வாங்கி, "சார், வேண்டாம் சார்!" என்றான். அது நாடகத்தில் இல்லாத வசனம். சபையில் சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. ஆட்சேபித்த தகப்பனார் நாலாம் வரிசையில் இருந்தார். அவர் எழுந்து போகவில்லை, கை தட்டவுமில்லை.

கடைசிக் காட்சியில் நந்தனைப் பந்தலின் வாசலில், சபைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து மாஞ்சி ராகத்தை எடுத்தான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே வரலாமா என்று அவன் கேட்பது தில்லைவாழ் அந்தணர்களையா, நம்மையா என்று சொல்ல முடியாதபடி இருந்தது. பல்லவி முடிந்து மறுபடியும் எடுத்தான். அப்போது கடைசி வரிசையில் ஒரு கிழவி, யார் வீட்டுக் கிழவியோ, தெரியாது, எழுந்து நின்று உரக்கச் சொன்னாள்:

"என்னாய்யா கேட்டுக்கிட்டே நிக்கிற? உள்ள வாய்யா!"

பையன் பாட்டை நிறுத்திவிட்டான். நம்மைப் பார்த்தான். நாம் மேடையிலிருந்து தலையை அசைத்தோம். அவன் சபையின் நடுவே நடந்து வந்தான்.

தாத்தா இருந்திருந்தால் அனுபல்லவியும் சரணமும் போயிற்றே என்று கோபித்துக்கொண்டிருப்பார். அப்பாவும் சித்தப்பாவும் விடியும் வரையில் சண்டை போட்டிருப்பார்கள். அந்தச் சண்டையில் நாம் எந்தக் கட்சி என்று இப்போது நமக்குச் சொல்லத் தெரியும்.

ஓவிய ஆசிரியருக்கு மட்டும் நம்மேல் வருத்தம். தீயைப் பத்திரமாகச் சுருட்டி அலமாரியில் வைத்திருக்கிறார். வருகிற ஆண்டு விழாவுக்கு இலங்கா தகனம் போடலாம் என்று சமாதானம் சொல்லியிருக்கிறோம்.